சிவப்பு விளக்கு அணையாவிட்டால்: காரின் காற்றுப்பைக் கோளாறைக் கண்டறிவது எப்படி?

காரைக் கிளப்பும்போது மீட்டர் பலகையில் பல விளக்குகள் ஒன்றாக எரிந்து, சில வினாடிகளில் அணைந்துவிடும். அவற்றில் ஒன்று, அமர்ந்திருக்கும் ஒருவரின் முன்னால் பெரிய உருண்டை இருப்பதுபோன்ற சின்னம். அதுதான் காற்றுப்பை விளக்கு. நம்மில் பலர் ‘ஏர்பேக் லைட்’ என்போம்.

அந்த விளக்கு அணையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? எஞ்சின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, குளிர்சாதனம் வேலை செய்கிறது. வண்டியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதனால் “அடுத்த சர்வீசுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒத்திப்போடுபவர்கள் பலர். தனியார் வாடகை கார் ஓட்டுபவர்களுக்கு ஒருநாள் வண்டியைப் பட்டறையில் விட்டால் அந்த நாள் வருமானம் போய்விடும். ஆகவே அவர்கள் தயங்குவதில் வியப்பில்லை.

ஆனால், அந்த விளக்கு சொல்லும் செய்தி எளிமையானது: “விபத்து நேர்ந்தால் காற்றுப்பை விரியும் என்று நான் உறுதி கூற முடியாது.” வேறு எந்தக் கோளாறும் ஓட்டும்போது ஏதாவது ஒரு வகையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். காற்றுப்பைக் கோளாறு மட்டும் மோதும் நொடி வரை மௌனமாக இருக்கும். இந்தக் கோளாறு எங்கே உண்டாகிறது, பட்டறையில் அதை எப்படித் தேடுகிறார்கள், நாம் என்ன கேட்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

விளக்கு பேசும் மொழி

சாவியைத் திருப்பியதும் காற்றுப்பைக் கட்டுப்பாட்டுக் கருவி தன்னையும் தன்னோடு இணைந்த ஒவ்வொரு வயரையும் சோதித்துக்கொள்கிறது. அந்தச் சோதனை நடக்கும் சில வினாடிகளுக்கு விளக்கு எரியும். எல்லாம் சரியென்றால் அணையும்.

இதில் மூன்று நிலைகளைக் கவனிக்க வேண்டும். எரிந்து அணைந்தால் மின்சுற்றில் குறையில்லை. எரிந்துகொண்டே இருந்தாலோ விட்டுவிட்டு மின்னினாலோ கருவி ஏதோ குறையைக் கண்டுவிட்டது. தொடக்கத்திலிருந்தே எரியவில்லை என்றால் அதுவும் நல்ல செய்தியல்ல. விளக்கு பழுதாகியிருக்கலாம், அல்லது முந்தைய உரிமையாளர் யாரேனும் அதை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்திருக்கலாம்.

குறை கண்டவுடன் பல கார்களில் முழு அமைப்பும் செயலிழக்கும். சிலவற்றில் குறையுள்ள பகுதி மட்டும் நிற்கும். எது என்பது கார் தயாரிப்பைப் பொறுத்தது. விளக்கை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஆகவே, எரியும் விளக்கு என்றால் காற்றுப்பை இல்லாத கார் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

கண் இமைக்கும் முன்னே

காற்றுப்பைக் கட்டுப்பாட்டுக் கருவி பெரும்பாலும் முன் இருக்கைகளுக்கு நடுவே, கியர் தண்டின் கீழ்ப்பகுதியில் தரையோடு திருகப்பட்டிருக்கும். உள்ளங்கை அகலப் பெட்டிதான். அதனுள்ளேயே அதிர்வை உணரும் உணர்கருவி இருக்கிறது. காரின் முன்பகுதியிலும் பக்கத் தூண்களிலும் கதவுகளிலும் வேறு உணர்கருவிகள் உண்டு. அவற்றிலிருந்து தனித்தனி வயர்கள் நேராக இந்தப் பெட்டிக்கு வருகின்றன.

மோதல் நிகழ்ந்ததும் பெட்டி எல்லாத் தகவலையும் ஒப்பிட்டு, இது பள்ளத்தில் விழுந்த குலுக்கலா, உண்மையான மோதலா என்று முடிவெடுக்கிறது. மோதல்தான் என்றால், காற்றுப்பையின் பின்னால் உள்ள சிறிய மின்திரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. பட்டாசுத் திரியைப் பற்றவைப்பது போன்ற வேலை அது. திரி பற்றியதும் உள்ளே உள்ள வேதிப்பொருள் எரிந்து வாயு பிறக்கிறது. பை ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் விரிந்துவிடும்.

மோதலில் பேட்டரியே நசுங்கிப் போகலாம். அதனால் பெட்டிக்குள் மின்தேக்கி ஒன்றும் உண்டு. பேட்டரி இணைப்பு அறுந்தாலும் பையை விரிக்கப் போதுமான மின்சாரத்தை அது சேமித்து வைத்திருக்கும். இந்த ஒரு விவரத்தை நினைவில் வையுங்கள். பழுதுபார்ப்பவர்களுக்கு ஆபத்து வருவதும் இதனால்தான்.

இரண்டு வகைக் கோளாறுகள்

ஸ்கேனரைப் பொருத்தினால் குறியீடுகள் வரும். ஆங்கில எழுத்து ஒன்றும் நான்கு இலக்கங்களும் கொண்டவை அவை. எஞ்சின் சார்ந்தவை ‘பி’ என்று தொடங்கும் பவர்டிரெய்ன் வகை. காற்றுப்பையைப் பொறுத்தவரை நாம் அறிய வேண்டியவை வேறு இரண்டு வகைகள்.

முதலாவது, ‘பாடி’ வகை. ஓட்டுநர் காற்றுப்பைச் சுற்றில் மின்தடை கூடுதல், பயணி இருக்கை உணர்கருவியில் இணைப்பு அறுந்துள்ளது, இருக்கைவார் இழுப்பானில் குறுக்குச்சுற்று என்பவை இந்த வகை. கட்டுப்பாட்டுக் கருவி உயிரோடு இருக்கிறது, தன் உறுப்புகளில் ஒன்றைக் காணவில்லை என்று புகார் சொல்கிறது.

இரண்டாவது, ‘யு’ என்று தொடங்கும் தொடர்பு வகை. இவற்றில் அதிகம் காணப்படுவது ‘யு0151’. காற்றுப்பைக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் தொடர்பு இழந்தது என்பது இதன் பொருள். இந்தப் புகாரைச் சொல்வது காற்றுப்பைக் கருவியல்ல, மற்றக் கருவிகள். பக்கத்து வீட்டுக்காரரை நெடுநேரமாகக் காணோம் என்று அண்டை வீட்டார் சொல்வதுபோல. அவர் வெளியூர் போயிருக்கலாம், தொலைபேசி கெட்டிருக்கலாம், மயங்கி விழுந்தும் கிடக்கலாம். கதவைத் திறந்து பார்க்கும் வரை தெரியாது.

இந்த வேறுபாடு முக்கியம். முதல் வகையில் தேட வேண்டிய இடத்தைக் கருவியே சொல்லிவிடுகிறது. இரண்டாவது வகையில், அது பேசவில்லை என்பது மட்டுமே தெரியும். ஏன் பேசவில்லை என்பதை மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று: மலிவான ஸ்கேனர்கள் பல எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். அவற்றில் ‘குறை ஏதும் இல்லை’ என்று வந்தால் காற்றுப்பை நலமாக உள்ளது என்று பொருளல்ல. காற்றுப்பைப் பகுதியைப் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும்.

நம் ஊர்க் கார்களில் பழுதாகும் இடங்கள்

பை விரிக்கும் மின்திரியின் மின்தடை மிகக் குறைவு. ஏறத்தாழ 2 ஓம் அளவுதான். கருவி மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி அதை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். இணைப்பி ஒன்றில் பச்சை பூத்து ஓரிரு ஓம் கூடினாலே விளக்கு எரிந்துவிடும். வேறு விளக்கோ விசிறியோ அந்த அளவுக் கூடுதலைப் பொருட்படுத்தாது. சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் இது கவனிக்க வேண்டிய ஒன்று.

முதலில் பார்க்க வேண்டிய இடம் முன் இருக்கைகளின் அடிப்புறம். அங்கே மஞ்சள் நிற உறை போட்ட வயர்களும் இணைப்பிகளும் இருக்கும். மஞ்சள் நிறம் காற்றுப்பை அமைப்பின் அடையாளம். இருக்கையை முன்னும் பின்னும் தள்ளும்போது அவை இழுபடுகின்றன. குடை, தண்ணீர்ப் புட்டி, பிள்ளைகளின் காலணி எல்லாவற்றையும் நாம் திணிப்பதும் அங்கேதான். தீபாவளிக்கு முன் காரைச் சுத்தம் செய்யும்போது தூசி உறிஞ்சியின் முனை பட்டு இணைப்பி சற்றே விலகினாலும் போதும்.

இரண்டாவது இடம் ஸ்டியரிங். சக்கரம் சுழல்கிறது, காற்றுப்பை அதன் நடுவில் இருக்கிறது. சுழலும் பகுதிக்கு மின்சாரம் எப்படிப் போகிறது? நாடாபோல் தட்டையான கேபிள் ஒன்று சுருளாகச் சுற்றப்பட்டு, திருப்பத்துக்கேற்ப விரிந்து சுருங்குகிறது. இதற்குக் கிளாக் ஸ்பிரிங் என்று பெயர். பல ஆண்டுகள் சுழன்றபின் கேபிளுக்குள் வயர் முறியலாம். ஹாரனும் ஸ்டியரிங்கில் உள்ள வானொலிப் பொத்தான்களும் இதே வழியாகத்தான் செல்கின்றன. ஆகவே காற்றுப்பை விளக்கு எரிந்து, ஹாரனும் அடிக்கவில்லை என்றால் சந்தேகத்தை முதலில் இங்கே வைக்கலாம்.

மூன்றாவது, தண்ணீர். குளிர்சாதனத்திலிருந்து நீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால் அந்த நீர் காருக்குள் தரைவிரிப்பின் அடியில் தேங்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் நனைந்திருக்கும். கட்டுப்பாட்டுக் கருவி தரைமட்டத்தில் இருப்பதால் அதன் இணைப்பிகளுக்கு இது கேடு. திடீர் வெள்ளமும் அப்படித்தான். 2010 ஜூன் மாதம் ஆர்ச்சர்ட் சாலையிலும், 2021 ஏப்ரல் மாதம் புக்கிட் தீமா, டனர்ன் சாலைப் பகுதியிலும் கார்கள் நீரில் சிக்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீரில் நின்ற கார் மறுநாள் நன்றாக ஓடலாம். இணைப்பியின் உள்ளே அரிப்பு பல மாதங்களுக்குப் பிறகே வேலையைக் காட்டும்.

நான்காவது, மின்சாரமே குறைவது. பேட்டரி பலவீனமானாலோ, வேறு காரிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்பினாலோ, மின்னழுத்தக் குறைவு என்ற குறியீடு பதிவாகலாம். கோவிட் காலத்தில் வீவக கார் நிறுத்துமிடங்களில் வாரக்கணக்கில் கார்களை நிறுத்தி வைத்தவர்களுக்குப் பேட்டரித் தொல்லை பழக்கமானதே.

ஐந்தாவது, பிறகு பொருத்திய சாதனங்கள். டேஷ்கேம், இருப்பிடம் காட்டும் கருவி, புதிய வானொலி ஆகியவற்றுக்குக் கிடைத்த வயரில் கீறல் போட்டு மின்சாரம் எடுப்பவர்கள் உண்டு. அப்படிக் கை வைத்தது தகவல் செல்லும் வயர் என்றால் அந்தத் தடத்தில் உள்ள எல்லாக் கருவிகளும் பாதிக்கப்படும்.

தொடர்பு அறுந்தால் தேடும் முறை

இன்றைய கார்களில் எஞ்சின், பிரேக், மீட்டர் பலகை, காற்றுப்பை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி உண்டு. அவை ஒன்றோடொன்று பேச, முறுக்கிய இரண்டு வயர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த முறைக்குக் கேன் என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986ல் இதை அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு கருவிக்கும் இடையே தனித்தனி வயர் இழுத்தால் காரில் வயர் எடையே தாங்காது. இரண்டு வயர்களில் எல்லாரும் முறைவைத்துப் பேசுவது சிக்கனம்.

தொடர்புக் கோளாறு வந்தால் நல்ல பழுதுபார்ப்பாளர் வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே போவார்.

முதல் கேள்வி: ஸ்கேனரால் மற்றக் கருவிகளோடு பேச முடிகிறதா? எஞ்சினும் பிரேக்கும் பதில் சொல்லி, காற்றுப்பை மட்டும் பதில் சொல்லவில்லை என்றால், பொதுத் தடம் பெரும்பாலும் நலம். அந்த ஒரு வீட்டில்தான் பிரச்சினை. எதுவுமே பதில் சொல்லவில்லை என்றால் தெருவே அடைபட்டிருக்கிறது. பொதுத் தடம், அல்லது ஸ்கேனர் செருகும் இடம், அல்லது தகவலைப் பிரித்தனுப்பும் நுழைவாயில் கருவியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: காற்றுப்பைக் கருவிக்கு மின்சாரம் வருகிறதா? ஃபியூஸ் எரிந்திருக்கிறதா, தரையிணைப்புத் திருகில் துரு ஏறியிருக்கிறதா? இது மிக எளிய சோதனை. இதைச் செய்யாமலேயே கருவியை மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் கடமை.

மூன்றாவது கேள்வி: தகவல் தடம் முழுமையாக இருக்கிறதா? கேன் தடத்தின் இரு முனைகளிலும் தலா 120 ஓம் மின்தடை பொருத்தப்பட்டிருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால், பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு வயர்களுக்கிடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 ஓம் காட்டினால், ஒரு முனை அறுந்திருக்கிறது. சுழியத்துக்கு அருகே காட்டினால், இரண்டு வயர்களும் எங்கோ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நுழைவாயில் கருவி உள்ள கார்களில் ஸ்கேனர் துளையில் அளந்தால் உள்தடத்தின் அளவு தெரியாது. அதற்குரிய இடத்தைக் காரின் வயர் வரைபடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது கேள்வி: மின்னழுத்தம் சரியா? தடம் அமைதியாக இருக்கும்போது இரு வயர்களிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்கும். தகவல் போகும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். மல்டிமீட்டரில் சராசரிதான் தெரியும் என்பதால் ஒன்று 2.5க்குச் சற்று மேலும், மற்றது சற்றுக் கீழும் காட்டும். ஒரு வயரில் 12 வோல்ட்டோ சுழியமோ தெரிந்தால், அது வேறெங்கோ உரசுகிறது.

இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்து, மின்சாரமும் தரையிணைப்பும் தடமும் சரியாக இருந்தும் கருவி பேசவில்லை என்றால்தான் கருவியே பழுது என்ற முடிவுக்கு வரவேண்டும். கடைசியில் வரவேண்டிய முடிவு அது. பல இடங்களில் அதுதான் முதலில் வருகிறது.

ஒரு காரை வைத்துப் பார்ப்போம்

எட்டு ஆண்டு ஓடிய கார் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மழை பெய்த மறுநாள் காலையில் விளக்கு எரிகிறது, வெயில் ஏறியதும் அணைகிறது. பட்டறையில் காட்டும்போது விளக்கு இல்லை. ஸ்கேனரில் ‘தொடர்பு இழந்தது’ என்ற குறியீடு பழைய பதிவாக இருக்கிறது. மீட்டர் பலகையும் பிரேக் கருவியும் ஒரே புகாரைச் சொல்கின்றன.

குறியீட்டை அழித்து அனுப்பிவிட்டால் அடுத்த மழையில் மீண்டும் வரும். அதற்குப் பதில் இப்படி யோசிக்கலாம். இரண்டு கருவிகள் ஒரே புகாரைச் சொல்வதால் புகார் சொன்னவை பழுதில்லை. அவை தங்களுக்குள் பேசிக்கொள்வதால் பொதுத் தடமும் சரி. எஞ்சியது காற்றுப்பைக் கருவியின் மின்சாரம், தரையிணைப்பு, அதற்குச் செல்லும் கிளைவயர். மழையோடு வந்து வெயிலோடு போவதால் ஈரம்தான் காரணம். கருவி இருப்பதோ தரைமட்டத்தில். ஆகவே முதலில் திறக்க வேண்டியது தரைவிரிப்பு. அடியில் நீர் தேங்கியிருந்தால், இணைப்பியைக் காயவைப்பதோடு நின்றுவிடாமல் நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் அடைக்க வேண்டும். ஒரு கருவியைக்கூட மாற்றாமல் முடியக்கூடிய வேலை இது.

குறியீடு தேடுதலின் தொடக்கம்தான், முடிவல்ல என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

நாமே கை வைக்கலாமா?

ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் மல்டிமீட்டர் வாங்கி, வீட்டு மின்சாதனங்களைத் தாமே பழுதுபார்க்கும் திறமைசாலிகள் நம்மிடையே பலர். ஆனால் காற்றுப்பை விஷயத்தில் ஒரு கோட்டைத் தாண்டக்கூடாது.

மின்திரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளக்கக்கூடாது. மின்தடையை அளக்க மல்டிமீட்டர் சிறு மின்னோட்டத்தை அனுப்பும். அதுவே பையை விரித்துவிடக்கூடும். முகத்துக்கு நேரே அது வெடித்தால் பலத்த காயம் ஏற்படும். முறையாகச் செய்பவர்கள் காற்றுப்பையைக் கழற்றிவிட்டு, அதே அளவு மின்தடை கொண்ட சோதனைச் சாதனத்தை அதன் இடத்தில் இணைத்துப் பார்ப்பார்கள். விளக்கின் குறியீடு மாறினால் குறை பையில், மாறாவிட்டால் வயரில்.

மஞ்சள் இணைப்பி எதையும் கழற்றுமுன் சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும். மேலே சொன்ன மின்தேக்கி வெறுமையாக வேண்டும் அல்லவா? சில தயாரிப்பாளர்கள் 90 வினாடி என்கிறார்கள், வேறு சிலர் பல நிமிடம் என்கிறார்கள். அந்தக் காரின் கையேடு சொல்வதே சட்டம். கழற்றிய இணைப்பிக்குள் இரு முனைகளையும் தானாகத் தொடவைக்கும் சிறு உலோகத் தகடு ஒன்றும் உண்டு. தவறான மின்சாரம் திரியைத் தீண்டாதிருக்க வைத்த காவல் அது. அதை நெம்பி எடுக்கக்கூடாது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? விளக்கு எப்போது எரிந்தது, மழைக்குப் பிறகா, இருக்கையை நகர்த்திய பிறகா, பேட்டரி மாற்றிய பிறகா என்று குறித்து வைக்கலாம். இருக்கைக்கு அடியில் உள்ள பொருள்களை எடுக்கலாம். தரைவிரிப்பின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்கலாம். ஹாரன் அடிக்கிறதா என்று சோதிக்கலாம். இந்த நான்கு விவரங்களையும் பட்டறைக்காரரிடம் சொன்னால் அவருடைய தேடும் நேரம் பாதியாகக் குறையலாம்.

பெரிய நிறுவனங்களும் தடுமாறிய இடம்

இது சாதாரண வயர்ச் சிக்கல் என்று எண்ண வேண்டாம். மின்சாரக் கோளாறால் காற்றுப்பைகள் மௌனமாகிய வரலாறு பெரிது.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 2014ல் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சாவித்துளையின் சுவிட்ச் தளர்வாக இருந்ததால், ஓடும்போதே சாவி ஒரு படி பின்னால் நழுவியது. எஞ்சின் நின்றது, கூடவே காற்றுப்பைக்கான மின்சாரமும் நின்றது. அந்நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கு இழப்பீடு வழங்கியது.

2018 மார்ச்சில் ஹியுண்டாய், கியா கார்களில் மோதியும் பைகள் விரியாத விபத்துகள் குறித்து அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு விசாரணை தொடங்கியது. கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருந்த சிப், மோதலின்போது எழும் மின் இரைச்சலைத் தாங்கவில்லை என்ற சந்தேகம் எழுந்தது. அடுத்த ஆண்டு விசாரணை ஆறு நிறுவனங்களின் ஏறத்தாழ 1 கோடியே 23 லட்சம் வாகனங்களுக்கு விரிந்தது. 2020 ஜனவரியில் டொயோட்டா உலகெங்கும் ஏறத்தாழ 34 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அது அறிவித்த தீர்வு, தேவைப்படும் கார்களில் கருவிக்கும் வயருக்கும் இடையே ஒரு சிறு இரைச்சல் வடிகட்டியைப் பொருத்துவது.

இந்தியாவில் மாருதி சுசூகி 2023 ஜனவரியில் 17,362 கார்களைக் காற்றுப்பைக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சோதித்து மாற்றத் திரும்ப அழைத்தது. 2024 பிப்ரவரியில் ஹோண்டா அமெரிக்காவில் ஏறத்தாழ 7 லட்சத்து 50 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. முன்பயணி இருக்கையில் எடையை உணரும் கருவிக்குள் ஒரு சிறு பாகம் விரிசல் விட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படலாம் என்பதே காரணம். அப்படி நேர்ந்தால், பிள்ளை அமர்ந்திருக்கும்போது விரியக்கூடாத பை விரிந்துவிடலாம்.

விளக்கு அணைந்திருந்தாலும் ஆபத்து உண்டு

இங்கே ஒரு முக்கியமான வரம்பைச் சொல்லியாக வேண்டும். அந்த விளக்கு மின்சுற்றை மட்டுமே சோதிக்கிறது. பைக்குள் இருக்கும் வேதிப்பொருள் கெட்டுப்போயிருந்தால் அதற்குத் தெரியாது.

ஜப்பானின் தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பைகளில் நடந்தது அதுதான். வாயு உண்டாக்கப் பயன்பட்ட அமோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்து சிதைந்தது. பை விரியும்போது உலோக உறையே சிதறி, துண்டுகள் ஓட்டுநரைத் தாக்கின. 2014 ஜூலையில் மலேசியாவின் சிபு நகரில் ஹோண்டா சிட்டி காரில் சென்ற கர்ப்பிணி ஒருவர் இப்படித்தான் உயிரிழந்தார். அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதல் மரணம் அது. தக்காத்தா 2017ல் திவாலானது. அந்தக் கார்களின் விளக்குகள் குறை ஏதும் காட்டவில்லை. வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் நிலவும் நம் பகுதிக்கு இது தொலைவான செய்தியல்ல.

ஆகவே விளக்கு அணைந்திருந்தாலும், உங்கள் காருக்குத் திரும்ப அழைப்பு அறிவிப்பு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்திலும் காரின் அதிகாரபூர்வ முகவரிடமும் இதை விசாரிக்கலாம். ஜோகூருக்கு அடிக்கடி செல்பவர்கள், அங்குள்ள உறவினரின் பழைய காரைப் பற்றியும் கேட்டு வைப்பது நல்லது.

பட்டறையில் கேட்க வேண்டியவை

சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் என்று எங்கே சென்றாலும் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

“என்ன குறியீடு வந்தது? இப்போது இருப்பதா, பழைய பதிவா? எழுதிக் கொடுங்கள்” என்பது முதலாவது.

“கருவியை மாற்ற வேண்டும் என்கிறீர்களே, மின்சாரமும் தரையிணைப்பும் அளந்து பார்த்தீர்களா?” என்பது இரண்டாவது.

“எந்த இணைப்பி, எந்த வயர், எங்கே குறை? காட்டுங்கள்” என்பது மூன்றாவது.

“வேலை முடிந்ததும் மறுபடி ஸ்கேன் செய்த முடிவைத் தருவீர்களா?” என்பது நான்காவது.

நல்ல பட்டறைக்காரர் இவற்றுக்குக் கோபப்பட மாட்டார். கேள்வி கேட்கத் தெரிந்த வாடிக்கையாளரிடம் அவருக்கும் வேலை எளிது.

பழைய கார்களின் காற்றுப்பைகளைக் கழற்றி விற்பவர்களிடம் மலிவாக வாங்கிப் போடச் சம்மதிக்காதீர்கள். அது எந்த ஈரத்தில், எத்தனை காலம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. விளக்கை அணைப்பதற்காகக் காற்றுப்பைக்குப் பதில் ஒரு மின்தடையை வயரில் ஒட்டவைக்கும் குறுக்கு வழியும் உலகில் உண்டு. கருவி அதைக் காற்றுப்பை என்று நம்பி விளக்கை அணைத்துவிடும். ஸ்டியரிங் மூடிக்குள் எதுவும் இருக்காது.

பயன்படுத்திய கார் வாங்குவோர் இதை மனதில் வைக்க வேண்டும். பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்த கார்களை வாங்குவோருக்கு இது இன்னும் முக்கியம். கிளப்பும்போது விளக்கு எரிகிறதா, சில வினாடிகளில் தானாக அணைகிறதா, இரண்டையும் பாருங்கள். எஞ்சின் விளக்கோடு சேர்ந்தே அது அணைந்தால் யாரோ இரண்டையும் ஒன்றாக முடிந்திருக்கக்கூடும். பணம் கொடுக்குமுன் வேறோர் இடத்தில் காற்றுப்பைப் பகுதியை ஸ்கேன் செய்து பார்ப்பது வீண் செலவல்ல.

வாடகைக் காராக இருந்தால், விளக்கு எரிந்த அன்றே படம் எடுத்து, நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னது பின்னால் நினைவில் நிற்காது.

சரியாகும் வரை

பட்டறையில் இடம் கிடைக்க ஓரிரு நாள் ஆகலாம். அதுவரை அந்தக் காரைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். முடியாவிட்டால், முன்பயணி இருக்கையைக் காலியாக விட்டு, எல்லாரும் இருக்கைவார் அணிந்திருப்பதை உறுதிசெய்யுங்கள். பின்னால் அமர்பவர்களும் அணிய வேண்டும். காற்றுப்பை என்பது இருக்கைவாருக்குத் துணையே தவிர அதற்கு மாற்று அல்ல. ஆனால் இருக்கைவாரை இறுக்கும் இழுப்பானும் அதே கட்டுப்பாட்டுக் கருவியின் கீழ்தான் இயங்குகிறது. விளக்கு எரியும்போது அதையும் முழுமையாக நம்ப முடியாது.

1.35 மீட்டருக்கும் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு உரிய பாதுகாப்பு இருக்கை சட்டப்படி தேவை. தனியார் வாடகை கார்களுக்கும் இது பொருந்தும். பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கையை, செயல்படும் காற்றுப்பையின் முன் ஒருபோதும் வைக்கக்கூடாது. “விளக்குதான் எரிகிறதே, பை விரியாதே” என்று நினைத்து வைக்கவும் கூடாது. குறையுள்ள அமைப்பு விரியாமல் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

குறியீடு என்ன என்று அறிய ஆகும் ஸ்கேன் சில நிமிட வேலைதான். இந்த வாரம் காரைக் கிளப்பும்போது, அந்தச் சிறு சின்னம் எரிந்து அணைகிறதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பத்து வினாடிக்கு மேல் எரிந்தாலோ, எரியவே இல்லை என்றாலோ, அன்றே பட்டறைக்குத் தொலைபேசி அழைப்பு விடுங்கள்.